லோகோ வந்துச்சா, இல்லையா?

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். விருத்தாசலத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பழைய ஒர்க்ஸ்டேஷன் ஒன்று பல வருடமாக அங்கே உழைக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அதற்குள்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 இந்த மெஷினில் ஏறாது. லீவுக்கு வந்த மருமகன் பென்டிரைவில் லினக்ஸ் போட்டு எடுத்துவந்து ஆன் செய்கிறான். கம்பெனி லோகோ வருகிறது. அப்புறம் ஒரே இருட்டு.

"ஏண்டா, போச்சா? வெள்ளிக்கிழமை குடுக்க வேண்டிய பத்திரிகை அதுலதாண்டா இருக்கு!"

"ஒண்ணும் போகல அத்தை. லோகோ வந்துச்சுல்ல?"

மருமகன் சொல்வது சரி. லோகோ தெரிந்தால் மானிட்டர், கேபிள், கிராபிக்ஸ் கார்டு மூன்றுக்கும் உயிர் இருக்கிறது. முதலில் படம் காட்டுவது மெஷினுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை புரோகிராம். பிறகு லினக்ஸ் வந்து கார்டைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. அந்தக் கைமாற்றத்தில்தான் பழைய கார்டுகள் முரண்டு பிடிக்கும். பழைய என்விடியா கார்டுகள் பலவற்றுக்கு அந்த நிறுவனமே டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது. ஜீஃபோர்ஸ் 8, 9 வரிசைக்கான 340 டிரைவரின் கதை 2019-லேயே முடிந்தது.

இதற்கு வழி எளிது. மெஷினை மறுபடி ஆன் செய்து, பென்டிரைவின் மெனுவில் உபுண்டு என்றால் 'சேஃப் கிராபிக்ஸ்', மின்ட் என்றால் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'கார்டை நீ தொடாதே, இருக்கிற படத்திலேயே வேலையைப் பார்' என்று லினக்ஸுக்குச் சொல்வது அது. எழுத்து பெரிதாக, கொஞ்சம் மங்கலாகத் தெரியும். தெரிகிறதே, அது போதும்! அத்தையின் ஃபைல்களை வேறொரு பென்டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

லோகோவே வரவில்லையா? அப்போது லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் மெஷினில் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். கடையைப் பெருக்கும்போது கழன்றதை யாராவது மதர்போர்டில் சொருகியிருப்பார்கள். அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பல்வரிசையை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டலாம். நம் ஊர் மெக்கானிக்குகளின் முதல் வைத்தியமே இதுதான்.

வீட்டில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டால், ஆஃப் செய்யும் முன் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். சேவ் செய்யாத வேலை பிழைத்துக்கொள்ளும்.

லினக்ஸ் என்றதும் மிரள வேண்டியதில்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் வந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்களோ!

பயப்பட வேண்டிய இடம் வேறு. படம் வந்த சந்தோஷத்தில் மருமகன் 'இன்ஸ்டால்' ஐகானைத் தட்டுவான். அங்கே 'எரேஸ் டிஸ்க்' என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் துடைக்கப்பட்டுவிடும். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் வரை பழைய ஃபைல்களுக்குச் சேதமில்லை.

"காப்பி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு அத்தை."

"எங்க, அந்தப் பத்திரிகைய ஒரு தடவ தொறந்து காட்டு. அப்புறம் எது வேணா பண்ணு."