கதைக்கு மார்க் போடுவது எப்படி?

"காகம் - தாகம் - பானை - கூழாங்கல். குறிப்பைக் கொண்டு கதை எழுதுக."

இது ஈசாப் காலத்துக் கதை. பள்ளித் தேர்வில் நமக்கெல்லாம் பழக்கமான கேள்வி. வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால், 40 தாளிலும் ஒரே கதைதான்! மனப்பாடம்! பிழை இல்லையா? முழு மார்க்!

ஒரு சிறுமி, "தண்ணீர் மேலே வந்ததும் காகம் தன் குஞ்சை அழைத்தது" என்று சொந்தமாக எழுதுகிறாள். இரண்டு எழுத்துப்பிழை. உடனே சிவப்பு மை!

இது நியாயமா? பிழையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் கற்பனையைத் தண்டிக்கலாமா? 5 மார்க்கில், பிழையற்ற எழுத்துக்கு 2, சொந்தக் கற்பனைக்கு 3 என்று பிரித்துப் போடலாமே!

பெற்றோர்களே! விடைத்தாள் வீட்டுக்கு வந்தால் மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். கதையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்!