கொன்றை பூத்த தெருவில் குனிந்த தலைகள்

மே மாதத்தில் தில்லித் தெருவெங்கும் பொன்சரமாய்த் தொங்கும் அமல்தாஸ் மரத்தைக் காட்டி, நம் பிள்ளைகளிடம் அதன் தமிழ்ப்பெயர் கேளுங்கள். கைப்பேசியை மரத்துக்கு நேரே நீட்டுவரேயன்றி, ‘கொன்றை’ என்பார் அரியர். அவர்களைக் குறைகூற நமக்கு என்ன தகுதி? கபிலர் 99 மலர்களை அடுக்கிய குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடப்பட்டது என்பது மரபு. வடபுலத்தானுக்குப் பூக்களைக் கொண்டு தமிழ் கற்பித்தார் புலவர். நாமோ வடபுலத்தில் கொன்றையின் நிழலிலேயே நின்றுகொண்டு, எவரோ அனுப்பிய கொன்றைப் படத்தை வாட்ஸப் குழுவில் பார்த்து வியக்கிறோம்!

“ஊருறவைக் காப்பது இக்கருவிதானே?” என்பர் அன்பர். பாட்டியின் முகத்தைப் பேரனுக்குக் காட்டும் அரைமணியை யார் பழித்தார்? எஞ்சிய பொழுதுக்கு என்ன விடை? மதுரையில் பெய்யும் மழையை நொடிதோறும் அறிந்தவர், மாசியில் தம் வாயிலெதிரே இலவம் சிவந்ததை அறியார். ஊரை விட்டு வந்தோம். வந்த ஊரிலும் வாழ்ந்தோமில்லை.

ஐப்பசி முதல் மார்கழிவரை தில்லிக் காற்று நஞ்சாவதை நானும் அறிவேன். அந்நாட்களில் வீட்டில் இருங்கள். பங்குனியில் என்ன தடை? 1936-இல் திறக்கப்பட்ட லோதித் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம்கூட இல்லை. சங்கத்தின் அடுத்த இலக்கியக் கூட்டத்தை அங்கே, புல்தரையில் கூட்டுவோம். கைப்பேசிகளை ஒரு பையிலிட்டுச் செயலாளரிடம் ஒப்படைக்கலாம். இக்கட்டுரையைப் படமெடுத்துக் குழுவில் பகிர்வோர், முதலில் தம்முடையதை இடட்டும்.