தாத்தா டிவி கெட்டுப்போகவில்லை!

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தாத்தா வீட்டு ஹாலில் இன்னமும் அந்தப் பழைய குண்டு டிவிதான். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள் ஒயர் செருகிப் பார்க்கிறார். ஏதோ ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பொடிக்கோடு போட்ட கோட்டோடு ஹீரோ நடந்து வந்தால், கோட்டு மேல் நீலமும் மஞ்சளுமாக வானவில் ஓடுகிறது!

"பிக்சர் ட்யூப் போயிடுச்சுப்பா. காயலான் கடையில போட்டுட்டு எல்.இ.டி. வாங்கிடலாம்" என்றார் மாமா. பார்க்க வந்த மெக்கானிக்கும் அதையேதான் சொன்னாராம். தாத்தா வாயே திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பி.காம். படிக்கிறவன்தான், எலக்ட்ரானிக்ஸ் புலி கிடையாது. ஆனாலும் கொஞ்சம் தேடிப் படித்தால் யாருக்கும் புரிகிற விஷயம் இது. அந்த வானவில் பழுதே இல்லை மக்களே.

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1950-ல் சி.பி.எஸ். நிறுவனத்தின் கலர் முறைக்கு அங்கே அரசு அனுமதி கிடைத்தது. படம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சிக்கல், மக்கள் காசு போட்டு வாங்கி வைத்திருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளை டிவிகளில் அது தெரியாது. 1951 ஜூனில் ஒளிபரப்பைத் தொடங்கி அக்டோபரில் மூட்டை கட்டினார்கள். கொரியப் போருக்காகக் கலர் டிவி உற்பத்தியை நிறுத்தச் சொன்னதுதான் அறிவித்த காரணம். ஆனால் அதற்கு முன்பும் பார்க்க ஆளே இல்லை என்பதுதான் நிஜம்.

1953 டிசம்பரில் அனுமதி பெற்ற என்.டி.எஸ்.சி. முறை வேறு வழியில் போனது. கறுப்பு வெள்ளை சிக்னலை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே கலரை ஒரு மெல்லிய அலையாக ஒளித்து அனுப்பினார்கள். பழைய டிவி அந்த அலையைக் கண்டுகொள்ளாது, புது டிவி அதைப் பிரித்துக் கலராக்கும். ஜெர்மனியில் பிறந்த பால் முறையும் இதே தந்திரம்தான். 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது எடுத்துக்கொண்டது இதைத்தான். அன்றைக்கு வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்த யாரும் அதைத் தூக்கி எறிய வேண்டி வரவில்லை.

எங்கள் பாஷையில் சொன்னால், பேரேட்டில் இரண்டு பேர் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதுவது மாதிரி. இடம் மிச்சம்தான், ஆனால் எப்போதாவது ஒருத்தர் வரவு இன்னொருத்தர் பேரில் ஏறிவிடும். பால் முறையில் கலர் அலை நொடிக்கு சுமார் 44 லட்சம் முறை துடிக்கிறது. திரையின் அகலத்துக்குள் ஏறக்குறைய 230 தடவை. கோட்டில் உள்ள பொடிக்கோடுகளும் அதே நெருக்கத்தில் அமைந்துவிட்டால், டிவி அதைக் கலர் என்று நினைத்து வண்ணம் பூசிவிடுகிறது. வானவில் பிறந்தது இப்படித்தான்.

"படமே கறுப்பு வெள்ளை, அப்புறம் ஏன் கலர் பகுதி வேலை செய்யணும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கலருக்கான அடையாளத் துடிப்பு வராவிட்டால் கலரை அணைத்துவிடும் சர்க்யூட் டிவிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் செட்டாப் பாக்ஸ் எந்தப் படம் ஓடினாலும் அந்தத் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. "இது கலர்" என்று பாக்ஸ் சொன்னால் பாவம், டிவி நம்பாமல் என்ன செய்யும்?

உங்கள் வீட்டிலும் இப்படி என்றால் ஒரு சோதனை. ரிமோட்டில் கலரைப் பூஜ்யமாக்குங்கள். வானவில் மறைந்தால் ட்யூப் மேல் பழி போடாதீர்கள். படம் மாறினாலும், கலரைக் குறைத்தாலும், ஒரே மூலையில் கறை மாதிரி வண்ணம் நின்றால்தான் ட்யூப் பக்கம் பிரச்சினை. பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் காந்தம்கூடக் காரணமாக இருக்கலாம். இன்னொன்று, அதே மஞ்சள் ஒயரைப் புது எல்.இ.டி.யில் செருகினாலும் இந்த வானவில் எட்டிப் பார்க்கலாம். முப்பதாயிரம் செலவழித்தும் அதேதான்!

அந்தக் காலத்து இன்ஜினியர்கள் அரைகுறையாகச் செய்த வேலை என்று சிரிக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வரவு செலவு இரண்டையும் பாருங்கள். செலவு, கோட்டு மேல் கொஞ்சம் வானவில். வரவு, கோடிக்கணக்கான வீடுகளில் பழைய டிவி குப்பைக்குப் போகாமல் இருந்தது. நாலு வருஷத்தில் "உங்கள் போனில் இந்த ஆப் இனி இயங்காது" என்று கைகழுவுகிற காலத்தில் இருந்துகொண்டு நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம் :-)

தாத்தாவிடம் ரிமோட்டை வாங்கிக் கலரைக் குறைத்துக் காட்டினேன். வானவில் போயே போச்சு. "அப்ப டிவி நல்லாத்தானே இருக்கு?" என்றார், மாமாவைப் பார்த்து.