கூவத்துக்கு ஏன் கூடம்?

ஆறுகள் கூடுமிடம் புனிதமாம். அங்கே மூழ்கி எழுந்தால் பாவம் போமாம்! பிரயாகையிலே கூடுவன மூன்று என்கின்றனர். கங்கை தெரிகிறது, யமுனை தெரிகிறது, மூன்றாவதாகிய சரசுவதியோ கண்ணுக்குத் தெரியாதாம்! தெரியாத ஆற்றைத் தேடி இலட்சக்கணக்கிலே திரளும் நாட்டிலே, தெரிகின்ற ஆறுகளின் கதி என்ன?

தொலைவு செல்ல வேண்டாம், தோழர்களே! தாம்பரத்தை அடுத்த திருநீர்மலைக்கு வாருங்கள். ஆதனூர்ப் பக்கமிருந்து வரும் அடையாறும், செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் கலக்குமிடம் அது. நம் வட்டாரத்தின் கூடல்! அங்கே முழுக்குப் போடுவார் இல்லை. ஆற்றிலே கழிவைக் கலப்பாரோ ஏராளம்.

2015 டிசம்பர் முதல் நாள், தாம்பரத்திலே ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. மேலே முடிச்சூரும் வரதராசபுரமும், கீழே சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. வருணன் சினந்தான் என்றனர் வைதிகர். மனிதரால் விளைந்த பேரிடர் என்றது, 2018இல் சட்டமன்றத்திலே வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை. எது பகுத்தறிவு?

அதே 2018இல், இந்தியக் கலைஞர்களும் ஐரோப்பியக் கலைஞர்களும் சென்னையிலே கூடினர். அழைத்தது செருமானியரின் கோதே நிலையம். 'நம் ஆறுகளைத் தழுவுவோம்' என்பது அவர்தம் முழக்கம். கூவக் கரையிலேயே கலைப்படைப்புகளை நிறுத்தி, மக்களை ஆற்றின் முகத்தைப் பார்க்கச் செய்வது அவர்தம் திட்டம். கரையிலே வைக்க அனுமதி கிட்டவில்லை! கண்காட்சி லலித் கலா அகாதெமியின் கூடத்துக்குள் போயிற்று. நோயாளியை வீதியிலே கிடத்திவிட்டு, அவன் படத்தை மருத்துவமனையிலே மாட்டிய கதை!

ஆற்றிலே சாக்கடையைக் கலக்க எவர் அனுமதி கேட்டார்? ஆக்கிரமிப்பு எந்த அனுமதிக்குக் காத்திருந்தது? அழுக்குக்குத் திறந்திருக்கும் கரை, அழகுக்கு மட்டும் அடைபடுவதா?

"சாக்கடைக்குச் சித்திரம் எதற்கு? குழாய் போடுங்கள்" என்பர் சிலர். போடட்டும்; வேண்டாமென்றா சொல்கிறோம்? ஆனால் பாலத்தைக் கடக்கையிலே மூக்கைப் பொத்தி முகத்தைத் திருப்பும் மக்கள், குழாய் எங்கே என்று எப்படிக் கேட்பர்? பார்த்தவன்தான் கேட்பான், கேட்டால்தான் நடக்கும். பார்க்க வைப்பதே கலையின் பணி.

கலைக்குக் கூடம்தான் வீடென்று எவர் விதித்தார்? 1966இல் கே. சி. எஸ். பணிக்கரும் தோழர்களும் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்திலே சோழமண்டலம் கண்டனரே! மணலிலே கலை வேரூன்றிய இந்தத் தென்சென்னையிலே, ஆற்றங்கரையிலே அது நிற்கலாகாதா?

தமிழிலே கூடல் என்பது ஆறுகள் சேருமிடம்; புலவர்கள் கூடிய மதுரைக்கும் அதுவே பெயர். அந்த இரண்டையும் திருநீர்மலையிலே இணைப்போம். அடுத்த கண்காட்சி ஆற்றங்கரையிலே அமையட்டும்! உலகக் கலைஞர் வரட்டும். முடிச்சூர் மாணவனும் தூரிகையோடு வரட்டும். அனுமதி கேட்போம், மறுத்தால் காரணம் கேட்போம், காரணம் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!

ஆற்றுக்கு வேண்டியது ஆரத்தியல்ல, அக்கறை!