எண்களை ஒலியாக்கும் கருவி: வாங்குமுன் ஒரு சோதனை

இன்று நாம் கேட்கும் இசை பெரும்பாலும் எண்களாகவே சேமிக்கப்பட்டு வருகிறது. எண்களைச் செவி கேட்பதில்லை. அவற்றை ஆம்ப்ளிபயருக்கு ஏற்ற மின்னழுத்த அலையாக மாற்றித் தரும் கருவிக்கே 'டாக்' என்று பெயர். 'இலக்க-ஒப்புமை மாற்றி' என்று நான் மொழிபெயர்ப்பதுண்டு. கடையில் அச்சொல்லைக் கூறினால் எவருக்கும் விளங்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இங்கு 'மாற்றி' என்றே குறிப்பிடுவேன்.

கைத்தொலைபேசி, கணினி, தொலைக்காட்சி ஆகிய ஒவ்வொன்றிலும் இம்மாற்றி ஏற்கெனவே உள்ளது. ஆயினும், பல்லாயிரம் ரூபாய் கொடுத்துத் தனி மாற்றி ஒன்று வாங்கினாலன்றி இசையின் உண்மை உருவம் கிட்டாது என்னும் எண்ணம் பரவியுள்ளது. பெரும்பாலான வீடுகளுக்கு இது பொருந்தாது என்பதே என் துணிபு.

இவ்வெண்ணத்திற்குப் பாடநூல்களில் காணும் ஒரு படமும் ஓரளவு காரணம் என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். வளைந்து செல்லும் அலையின்மேல் படிக்கட்டுப் போன்ற கோடு ஒன்றை வரைந்து, இதுவே எண்வழி ஒலி என்று காட்டுகிறோம். படிகளைச் சிறிதாக்கினால் ஒலி வழவழப்பாகும் என்று மாணவன் முடிவு செய்கிறான். வளர்ந்தபின் அம்முடிவுக்காகப் பணம் செலவிடுகிறான். உண்மை வேறு. ஓர் அலையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் மாதிரிகள் எடுக்கப்படின், அவ்வலையை முழுமையாக மீட்கலாம் என்பதை ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். மாற்றியின் இறுதியிலுள்ள வடிப்பான் படிகளை அகற்றிவிடுகிறது. வெளிவருவது தொடர்ச்சியான வளைகோடே. 1982இல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த குறுந்தகடு, விநாடிக்கு 44,100 மாதிரிகளைக் கொண்டது. செவியின் மேல் எல்லை என்று கூறப்படும் 20,000 ஹெர்ட்ஸுக்கு இது போதும். (நாற்பதைக் கடந்த என் போன்றோருக்கு அந்த 20,000 வெறும் ஏட்டளவுதான்.) ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட், அதாவது 65,536 நிலைகள்; மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளி. மின்விசிறி சுழலும் கூடத்தில் இதற்குமேல் என்ன வேண்டும்?

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் ஏமாந்தேன். மூன்றாண்டுகளுக்குமுன் தில்லியிலுள்ள ஒரு கடையில் என் தொலைபேசியையும் புதிய மாற்றியையும் மாறி மாறி ஒலிக்கச் செய்தனர். மாற்றியின் ஒலியில் ஒரு கம்பீரம் இருந்தது. மகளின் பள்ளிக் கட்டணத்திற்கென வைத்திருந்த தொகையிலிருந்து 28,000 ரூபாய் கைமாறியது. வீட்டில் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: எது ஒலிக்கிறது என்று பாராமலே வேறுபாட்டைக் கூற இயலுமா?

கருவிகளை அளந்து பார்த்தோம். 2 வோல்ட் மாறுமின்னழுத்த அளவை கொண்ட மல்டிமீட்டர் ஒன்றும் 100 ஹெர்ட்ஸ் ஒலிப்பதிவும் போதும். பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். தொலைபேசி 1 வோல்ட் அளவில் தந்த இடத்தில் மாற்றி 2 வோல்ட் தந்தது. 6 டெசிபெல் வேறுபாடு! கடையில் நான் வியந்த கம்பீரம் வெறும் உரப்பே. இரண்டையும் நூற்றுக்கு ஒன்றுக்குள் சமப்படுத்தியபின், அவள் நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்திற்கேற்ப ஒன்றை ஒலிக்கச் செய்தாள். 16 முறையில் 9 முறை சரியாகச் சொன்னேன். ஊகத்தால் மட்டுமே 12 அல்லது அதற்குமேல் பெறுவது இருபத்தைந்தில் ஒரு தடவைக்கும் குறைவாகவே நேரும். ஆகவே 12 பெற்றிருந்தால் வேறுபாடு உண்டு என்று கொள்ளலாம். 9க்கு அப்பொருள் இல்லை. அமெரிக்காவில் மேயர், மோரன் என்னும் இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்விலும், உயர்தர ஒலிப்பதிவுக்கும் அதையே குறுந்தகட்டு அளவுக்குக் குறைத்த ஒலிக்கும் இடையே கேட்போர் 554 முறையில் 276 முறையே சரியாகக் கண்டனர்.

மாற்றியே வேண்டாம் என்று நான் கூறவில்லை. கணினியின் வெளியீட்டில் இரைச்சல் கேட்டால் அது வேண்டும். தொலைபேசியில் தலையணி ஒலிவாங்கும் துளை இல்லாவிடில், யு.எஸ்.பி.யில் செருகும் சிறு இணைப்பி போதும். அதனுள்ளேயே மாற்றி உள்ளது. ஹெட்போனுக்காக வாங்குவோர், கருவியின் வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டிலொரு பங்குக்கு மேற்படாதிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. விவரப்பட்டியலில் இவ்வெண் இல்லாமல் 'இனிமை', 'ஆழம்' என்ற சொற்கள் மட்டும் இருந்தால் ஐயுறுக. அத்தகைய சொற்களை மொழிபெயர்ப்பது எளிது, அளப்பது அரிது.

பள்ளிக்கோ, கிராமப் படக்காட்சிக்கோ ஒலிக்கருவி வாங்கும் பொறுப்பு உங்களிடம் வருமாயின், தொகையின் பெரும்பகுதியை ஒலிபெருக்கிக்கே ஒதுக்குங்கள். இரு ஒலிபெருக்கிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டும் அறியலாம். ஒரே ஒலிபெருக்கியைச் சுவரின் மூலையிலிருந்து சற்று முன்னே நகர்த்தினாலே பேச்சின் தெளிவு மாறும். அதற்குச் செலவு ஏதுமில்லை.

எங்கள் தொலைக்காட்சியில் ஒளியிழை வெளியீடு மட்டுமே உண்டு. பழைய ஆம்ப்ளிபயருக்கோ அதை ஏற்கும் வழியில்லை. நான் வாங்கிய மாற்றி இப்பொழுது அவ்விரண்டுக்கும் நடுவே பணியாற்றுகிறது. அவ்வேலைக்கு 2,000 ரூபாய்க் கருவியே போதுமானதாயிருந்திருக்கும்.