மாவீரனுக்கு ஒரு வகுத்தல் கணக்கு

கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்களான ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும், 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேதியிட்டு வெளியான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில், சூப்பர்மேன் என்னும் தங்கள் மானஸ புத்திரனை உலகத்துக்கு அறிமுகம் செய்துவைத்தபோது அவனுடைய பராக்கிரமத்தைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளை இன்று எடுத்துப் படிப்பவருக்கு, அவற்றிலுள்ள அடக்கமே முதலில் ஆச்சரியம் தரும். அப்போது அவனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கை, அதாவது ஏறக்குறைய 200 மீட்டரை, ஒரே தாவலில் கடப்பான்; இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான்; எக்ஸ்பிரஸ் ரயிலை ஓட்டத்தில் முந்துவான்; வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எந்த ஆயுதமும் அவன் தோலைத் துளைக்காது. வீரத்துக்கு இப்படி எல்லை கட்டிவிட்டதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. எண் கிடைத்துவிட்டால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கற்பனைக் கதைக்குப் பௌதிக சாஸ்திரத்தைப் பிரயோகிப்பது வேலையற்றவர் வேலை என்று சிலரும், அது ரசபங்கம் என்று வேறு சிலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரு சாராரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் ஜேம்ஸ் கக்காலியோஸ், 2001-ஆம் ஆண்டு முதல் கல்லூரிப் புது மாணவர்களுக்குப் படக்கதைகளைக் கொண்டே இயக்கவியலைப் போதிக்கத் தொடங்கி, 2005-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவர் கையாண்ட நியாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது: ஒவ்வொரு வீரனுக்கும் ஒரே ஓர் அற்புதத்தை இனாமாகக் கொடுத்துவிட வேண்டும், அதன் பிறகு அவன் நம்மையெல்லாம் ஆளும் இயற்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டவனா என்று விசாரிக்க வேண்டும்.

அந்த நியாயத்தை, சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் கதாநாயகனான இரும்புக்கை மாயாவிக்குப் பொருத்திப் பார்த்தால் விளைவு பரிதாபகரமானது. மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை நீங்கலாக உடல் முழுதும் மறைந்துபோகும் என்ற அற்புதத்தை நாம் தாராளமாகக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒளி முழுவதும் ஊடுருவிச் செல்கிற கண்ணில், விழித்திரையில் தங்கிப் பிம்பமாவதற்கு ஒளி எங்கே மிஞ்சும்? மறைந்த கணமே மாயாவி குருடனாகிவிட வேண்டும். சிறு வயதில் அந்தப் புத்தகங்களைப் போர்வைக்குள் ஒளித்துவைத்துப் படித்த நாட்களில் இந்த ஐயம் எனக்கு எழவில்லை என்பதற்காக இன்று வருத்தம் ஏதும் இல்லை. எழுந்த பிறகும் மாயாவியின்மீது வைத்த பிரியம் குறையவில்லை.

சூப்பர்மேனின் தாவலுக்கு வருவோம். கதையில் சொன்ன 200 மீட்டர் உயரமா, கிடைத் தூரமா என்பதில் ஒரு வியாஜ்யம் உண்டு. கிடைத் தூரம் என்று கொண்டால், அந்தத் தூரத்தைக் கடக்க மிகச் சாதகமான கோணத்தில் தாவும்போது உச்சி 50 மீட்டர்தான். இருபது மாடியைத் தாண்ட அது போதாது. ஆகவே வீரனுக்கு அனுகூலமாக, அதை உயரம் என்றே தீர்ப்பளிப்போம். அவ்வளவு உயரம் எழும்ப, காலைத் தரையிலிருந்து எடுக்கும்போது வேகம் நொடிக்கு 63 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 225 கிலோமீட்டர் இருந்தாக வேண்டும். அந்த வேகத்தைப் பெற அவனுக்குக் கிடைக்கிற அவகாசமோ, குனிந்த நிலையிலிருந்து நிமிர்கிற அந்த அரை மீட்டர் மட்டுமே. இங்கேதான் முழங்காலும் தெருச்சாலையும் ஒரே சமயத்தில் ஒப்புக்கொள்ளும் ஓர் எளிய வகுத்தல் கணக்கு வருகிறது: எழும்பும் உயரத்தை, குனிந்து நிமிரும் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் ஈவு எதுவோ, அத்தனை மடங்கு விசையை, உடல் எடையைத் தாங்குவதற்கும் மேலாக, கால்கள் தரையில் செலுத்தியாக வேண்டும். அரை மீட்டர் குனிந்து அரை மீட்டர் எழும்புகிற சாதாரண மனிதனுக்கு ஈவு ஒன்று. சூப்பர்மேனுக்கு 200-ஐ அரையால் வகுக்க, 400. அவன் எடையை 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், இரண்டு கால்களும் சேர்ந்து நாற்பது டன் விசையைத் தரையில் இறக்குகின்றன. பத்து ஆண் யானைகளை இரண்டு உள்ளங்கால்களின் பரப்பில் அடுக்கி நிறுத்தியதற்கு அது சமம். லாரிச் சக்கரம் சாலையை அழுத்துவதைப்போல் பத்து மடங்குக்கும் அதிகமான அழுத்தம் அது. கொள்ளைக்காரனைப் பிடிக்கப் போன வழியெல்லாம் தார்ச்சாலையில் ஜோடி ஜோடியாகக் குழிகள் விழுந்திருக்கும். அவன் வாழும் மெட்ரோபோலிஸின் நகரசபை அதற்குச் செலவுக் கணக்கு அனுப்பியதாகக் கதையில் எங்கும் இல்லை.

கக்காலியோஸ் இதே தாவலைக் கணக்கிட்டபோது, உந்தி எழுவதற்குக் கால் நொடி ஒதுக்கி, விசை எடையைப்போல் இருபத்தைந்து மடங்கு என்று கண்டு, அத்தகைய கால்கள் வளர்வதற்கு, சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கிரகத்தின் ஈர்ப்பு பூமியினுடையதைப்போல் பதினைந்து மடங்கு இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். பெரியவர் கணக்கைத் திருத்துவது தகாது என்றாலும், ஒரு சங்கதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: கால் நொடி முழுவதும் வேகம் கூட்டிக்கொண்டே நொடிக்கு 63 மீட்டரை எட்டுகிறவன், அதற்குள் எட்டு மீட்டர் நிமிர்ந்திருப்பான். இரண்டு மீட்டர் உயரமுள்ள மனிதன் எட்டு மீட்டர் குனிவது எங்ஙனம்? நம் அரை மீட்டர்க் கணக்குப்படி கிரிப்டானின் ஈர்ப்பு இருநூறு மடங்கையும் தாண்டும். ஆனால் பதினைந்து மடங்கிலேயே சங்கடம் தொடங்கிவிடுகிறது. பூமியின் அளவுள்ள கிரகத்துக்குப் பதினைந்து மடங்கு ஈர்ப்பு வேண்டுமானால், பதினைந்து மடங்கு அடர்த்தியும் வேண்டும். பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் ஐந்தரை மடங்கு என்றால், அங்கே எண்பதுக்குமேல் ஆகிறது. பூமியில் கிடைக்கும் தனிமங்களிலெல்லாம் அடர்த்தி மிகுந்ததாகிய ஆஸ்மியமே இருபத்து மூன்றை எட்டவில்லை. வேறு வழியின்றிப் பேராசிரியர் அந்தக் கிரகத்தின் கர்ப்பத்தில் நியூட்ரான் நட்சத்திரத்தின் துண்டு ஒன்றை வைத்தார்; வைத்த பிறகு, அப்படிப்பட்ட கிரகம் நிலைத்திராமல் வெடித்துச் சிதறத்தான் செய்யும் என்றும் கண்டார். கதையிலும் அது வெடிக்கத்தான் செய்கிறது. சந்தர்ப்பவசமான பொருத்தமே ஆனாலும் அழகிய பொருத்தம்.

அதே முதல் இதழில், இத்தகைய பலம் சாத்தியமே என்பதற்கு விஞ்ஞானப் பிரமாணமாக எறும்பையும் வெட்டுக்கிளியையும் காட்டியிருந்தார்கள். எறும்பு தன் எடையைப்போல் பல மடங்கு சுமக்கிறது, வெட்டுக்கிளி தன் நீளத்தைப்போல் பல மடங்கு தாவுகிறது, ஆகையால் மனிதனும் ஏன் கூடாது என்பது வாதம். இந்த வாதத்துக்குக் கலிலியோ 1638-ஆம் ஆண்டிலேயே மறுப்பு எழுதிவிட்டார். உருவம் பெருகும்போது எடை நீள அகல உயரம் மூன்றாலும் பெருகுகிறது. தசையின் வலிமையும் எலும்பின் உறுதியுமோ குறுக்குப் பரப்பின் அளவுக்கே பெருகுகின்றன. ஐந்து மில்லிமீட்டர் எறும்பை ஒன்றரை மீட்டருக்கு, அதாவது முந்நூறு மடங்கு, வளர்த்துவிடுங்கள்: வலிமை தொண்ணூறாயிரம் மடங்கு ஆகும், எடையோ இரண்டு கோடியே எழுபது லட்சம் மடங்கு. முன்பு தன் எடையைப்போல் ஐம்பது மடங்கு தூக்கிய அந்த ஜீவன், இப்போது தன் எடையில் ஆறில் ஒரு பங்கைத் தூக்கவே திணறும். எழுந்து நிற்கக்கூட அதனால் ஆகாது. தாவலின் விஷயம் இன்னும் ரசமானது. உந்துகிற தசையும் உந்தப்படுகிற உடலும் ஒரே வீதத்தில் வளர்வதால், தெள்ளுப்பூச்சியும் வெட்டுக்கிளியும் மனிதனும் எழும்பும் உயரம் ஏறக்குறைய ஒரே தரத்தில்தான் இருக்கிறது என்று பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியரான பொரெல்லி கண்டு சொன்னார். மனிதன் அளவு வளர்ந்த வெட்டுக்கிளி நம்மோடு போட்டியிட்டால் நம்மளவுதான் தாவும். காற்றுத் தடையைக் கணக்கில் எடுத்தாலும் கொஞ்சம் முன்னே பின்னே, அவ்வளவே. சுவரில் ஊரும் ஸ்பைடர்மேனுக்கும் கலிலியோவின் அந்த விதிதான் குறுக்கே நிற்கிறது. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வின்படி, பல்லிபோல் சுவரில் ஒட்ட விரும்பும் மனிதனுக்கு உடற்பரப்பில் நூற்றுக்கு நாற்பது பங்கு ஒட்டும் திண்டாக இருக்க வேண்டும். பாதத்தில் மட்டும் போதும் என்றால், ஐரோப்பிய அளவில் 145-ஆம் எண் காலணி போடுமளவுக்குப் பெரிய பாதம் தேவை.

எவன் அதிகப் பலசாலி என்று டன் கணக்கில் தரவரிசை போட்டு வாதாடுகிற வழக்கத்தில் மட்டும் எனக்கு நாட்டமில்லை. மார்வெல் நிறுவனம் 1980-களில் வெளியிட்ட அதிகாரபூர்வக் கையேட்டில் ஸ்பைடர்மேன் பத்து டன், ஹல்க் நூறு டன் வகுப்பு என்று எழுதிவைத்தது. 1984-இல் வந்த ‘சீக்ரெட் வார்ஸ்’ நான்காம் இதழின் அட்டையிலோ, அதே ஹல்க் 15,000 கோடி டன் மலையைத் தாங்கிக்கொண்டு நின்றான். கையேட்டுக்கும் அட்டைக்கும் நடுவே வித்தியாசம் 150 கோடி மடங்கு. அவன் தசையை நம்பிவிடலாம், அது நாம் கொடுத்த இனாம். அவன் காலடியில் உள்ள பாறையை எப்படி நம்புவது? பூமியின் மையத்தில் உள்ள அழுத்தத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு அங்கே இறங்குகிறது. வெண்ணெயில் ஆணி இறங்குவதுபோல் ஹல்க் பாதாளத்துக்குப் போயிருப்பான்.

நான் மிகுந்த மரியாதையோடு நினைப்பது வேறொரு கதையை. 1973-ஆம் ஆண்டு ஜூன் மாத ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121-ஆம் இதழில், கிரீன் காப்ளின் என்னும் துஷ்டன், வீரனின் காதலியான குவென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சிக் கோபுரத்திலிருந்து தள்ளிவிடுகிறான். (எழுத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்று இருக்கிறது, சித்திரத்தில் இருப்பதோ புரூக்ளின் பாலத்தின் சாயல்.) ஸ்பைடர்மேன் தன் வலைநூலை வீசுகிறான்; நூல் அவள் கால்களைப் பற்றிக்கொள்கிறது; அவளை மேலே இழுத்தெடுத்துத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்ளும்போது, அவள் உயிரோடு இல்லை என்பதை அறிகிறான். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலே தரையைத் தொடுமுன் உயிர் போய்விடும் என்று காப்ளின் ஏளனம் செய்கிறான். இது சுத்தப் பொய். பாராசூட் வீரர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு நேரம் விழுந்துவிட்டு உயிரோடு தரையிறங்குகிறார்கள்.

உண்மையைச் சொல்வது, சூப்பர்மேனின் தாவலுக்கு நாம் போட்ட அதே வகுத்தல்தான். விழுவது என்பது தலைகீழாக நடக்கும் தாவல் அல்லவா? விழுந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுக்க வேண்டும். 90 மீட்டர் விழுந்தாள் என்றால் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். நூல் பத்து மீட்டர் இழுபட்டு நிறுத்தியது என்றால் ஈவு ஒன்பது. சொந்த எடையையும் கூட்டப் பத்து. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணை அரை டன் விசையால் காலைப் பற்றி இழுத்ததாகிறது. நூல் இரண்டு மீட்டரே இழுபட்டதென்றால் ஈவு நாற்பத்தைந்து. உடலின் மறுகோடியில் தொங்கும் தலை சவுக்கின் நுனிபோல் சொடுக்கப்படுகிறது. சித்திரத்தில் அவள் கழுத்தருகே எலும்பு முறியும் சப்தம் சிறிய எழுத்தில் போடப்பட்டிருந்தது. வாசகர்கள் கொதித்துக் கடிதம் எழுத, சில மாதங்கள் கழித்துப் பத்திராதிபர்களும் கடிதப் பகுதியில் இதை ஒப்புக்கொண்டார்கள்: திடீரென்று நிறுத்தியதே கொன்றது. காதலனின் கையே யமனாயிற்று என்ற சோகம், நியூட்டன் விதியிலிருந்து நேராகப் பிறந்து இலக்கியத்தில் வந்து நிற்கும் இடம் இது. இந்தக் கணக்கு தெரிந்தவனுக்கு அந்தக் கதையின் துயரம் கூடுமே தவிரக் குறையாது. ரசபங்கம் என்று முறையிடுவோர் இதற்கு என்ன சொல்வார்கள்?

நம் தெருவிலும் நாள்தோறும் இந்த வகுத்தல் நடந்துகொண்டிருக்கிறது. இருசக்கர வாகனத்திலிருந்து ஒருவன் சரிந்து, அவன் தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சாலையில் மோதுவதாக வைத்துக்கொள்வோம். தலைக்கும் சாலைக்கும் நடுவே விட்டுக்கொடுக்க இரண்டு மில்லிமீட்டரே இருந்தால் ஈவு 750. ஹெல்மெட்டின் உட்புறத்தில் உள்ள தெர்மாகோல் போன்ற அடுக்கு இரண்டரை சென்டிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால் ஈவு அறுபது. வெளியே தெரியும் பளபளப்பான ஓட்டைத் தட்டிப்பார்த்து ஹெல்மெட் வாங்குகிறவர்கள், உயிரைக் காப்பது உள்ளே நசுங்குகிற அந்த அற்பமான பொருள்தான் என்பதை அறிவதில்லை; அறிந்த சிலரும் அதை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். முழங்கைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு. கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விழுகிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவருகிறீர்கள். அந்தக் கல்லுக்கு என்ன நேர்ந்தது என்று எந்தக் குழந்தையும் கவலைப்பட்டதில்லை. ஒரு தடவை குவென் ஸ்டேசியை விழவிடுங்கள். நூல் எத்தனை மீட்டர் நெகிழ்ந்து கொடுத்தால் அவள் பிழைப்பாள் என்று கேளுங்கள். விடையை எழுதிவிட்டு, பாலத்துக்குக் கீழே தண்ணீர்வரை அத்தனை இடம் மிச்சமிருக்கிறதா என்றும் சரிபார்க்கிற மாணவனுக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுங்கள்.