திருநாவலூர்த் தச்சரும் திருகு கத்தியும்

தொழில்கள் பலவற்றுள்ளும் தச்சு மிகப் பழமை வாய்ந்தது. ஏரும் வண்டியும், கதவும் தூணும், தொட்டிலும் தேரும் தச்சர் கையிற் பிறந்தவையே. எனினும், தச்சுப் பட்டறையில் எத்தகைய கருவி இருத்தல் வேண்டும் என்பது கல்லூரி மலரில் ஆராயத்தக்க பொருளோ என அன்பர் சிலர் வினவக்கூடும். ஏடு பயில்வார்க்கு உளியோடு உறவு யாது என்பாரும் உளர். ஏட்டிற் காணும் கதவையும் தேரையும் வியந்து, அவற்றைச் செய்த கையை மறப்பது கல்வியாகாது என்பது அடியேன் துணிபு. ஆதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் திருநாவலூர் காணச் சென்றிருந்தேன். அது சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்று பிரிக்கப்பெற்ற கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. திருக்கோயிலையும் அதன் தலமரமாகிய நாவலையும் கண்டு திரும்புங்கால், ஒரு பட்டறையினின்று எழுந்த பேரிரைச்சல் என்னை நிறுத்திற்று. உள்ளே முதிய தச்சர் ஒருவர் வாகைப் பலகையொன்றை இழைப்பு இயந்திரத்தில் ஊட்டிக்கொண்டிருந்தார். இயந்திரம் நின்றபின் அவரை வணங்கி, “ஐயா, இது என்ன மரம்?” என்றேன். அவர் செவியிற் கையை வைத்து, “உரக்கச் சொல்லு, தம்பி. என் காதை இந்தப் பிளேனர் தின்று இருபது வருஷமாயிற்று” என்றார். அவர் அதனை நகைத்துக்கொண்டே கூறினார்; எனக்கோ நகை வரவில்லை.

அவ்விரைச்சலின் காரணம் யாது? பழைய முறை இயந்திரத்திற் சுழலும் உருளையொன்றில் இரண்டு, மூன்று அல்லது நான்கு நீண்ட கத்திகள் நேராகப் பொருத்தப்பட்டிருக்கும். உருளை நிமிடத்திற்கு ஏறத்தாழ 5,000 முறை சுழலும். ஒவ்வொரு கத்தியும் பலகையின் அகலம் முழுவதையும் ஒரே கணத்தில் அறைகின்றது. கத்திக்கும் மேசை விளிம்புக்கும் இடையே அகப்பட்ட காற்றும் ஊதுகுழலிற்போல ஓலமிடுகின்றது. இஃது ஒரு குறை. வாகை, வேம்பு, வேங்கை போன்ற மரங்களில் இழையோட்டம் ஒருபடித்தாக நில்லாது மாறிமாறிப் பின்னிக் கிடக்கும். நேர்க்கத்தி அங்கே இழையைச் சீவாமற் பறித்தெடுக்கும். பலகையிற் குழி விழும். இது மற்றொரு குறை. மூன்றாவதாக, பழைய உத்தரத்தில் மறைந்துகிடக்கும் ஓர் ஆணி பட்டால் கத்தி முழுவதும் பழுதாகும்; பின் அதனைக் கழற்றித் தீட்டி, மயிரிழை பிசகாமல் மீண்டும் பொருத்துதற்கு அரைநாள் கழியும்.

இக்குறைகளைக் களையவந்ததே திருகு கத்தியுருளை. இதில் நீண்ட கத்தி இல்லை. சதுரமான பல பத்துச் சிறு கத்திகள், திருகாணியின் புரிபோல உருளையைச் சுற்றி வரிசையாகத் திருகப்பட்டிருக்கும். அவை தங்குதனும் கரியும் கூடிய கார்பைடு என்னும் பொருளால் ஆனவை. அப்பொருளைக் கருவிக்கு ஏற்றவாறு உருவாக்கும் முறையை 1923-இல் ஜெர்மனியில் ஷ்ரோட்டர் என்பார் கண்டார். 1926-இல் குருப் நிறுவனம் அதற்கு ‘விடியா’ எனப் பெயரிட்டது. ‘வைரம் போன்றது’ என்னும் ஜெர்மன் தொடரின் சுருக்கம் அது. நம் பட்டறைகளிலும் அச்சொல் வழங்குகின்றது. சிறு கத்தி ஒவ்வொன்றுக்கும் நான்கு முனைகள் உண்டு. ஒருமுனை மழுங்கினால் கால்வட்டம் திருப்பி மறுமுனையை முன்னிறுத்தலாம். ஆணி பட்டால் அடிபட்ட கத்தியை மட்டும் திருப்பினாற் போதும். ஒரே கணத்தில் அகலம் முழுவதும் அறையாது, சிறிது சிறிதாகச் சாய்வாய் அரிந்து செல்வதால் ஓசையும் தணிகின்றது. பின்னிய இழையும் பறிபடுவதில்லை.

பலகை வழவழப்பாகும் என்பதற்காக மட்டும் இதனை வேண்டேன். தச்சரின் செவிக்காகவும் மூச்சுக்காகவுமே முதன்மையாக வேண்டுகின்றேன். ஓசை 80 டெசிபெல் அளவினதாயின் வாரத்திற்கு 40 மணி நேரமே கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. நேர்க்கத்தி இயந்திரமோ 95-ஐயும் எளிதிற் கடக்கும். டெசிபெல் கணக்கில் மூன்று குறையின் ஒலியாற்றல் பாதியாகும். ஆகலின் சிறிது தணிவதும் செவிக்குப் பெரும்பேறே. மரத்தூளோ இன்னும் கொடிது. அது மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என 1995-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஐயமின்றி அறிவித்தது. வென்றோர் சூடிய வாகையே தன்னை இழைப்போரைத் தும்மவைக்கின்றது! திருகு கத்தி சிறு செதில்களாகச் சீவுதலின், உறிஞ்சு குழாய் அவற்றை அடைபடாமல் இழுத்துக்கொள்ளும். ஆயினும் குழாயும் முகமூடியும் செவியடைப்பானும் வேண்டாவென எண்ணற்க. கத்தி மாறினும் காப்பு மாறலாகாது.

இயந்திரம் மேம்பட மேம்பட கைவினை மடியும் என்பார் உளர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இற் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெருமை சிற்பியின் உளிக்கு உரியதேயன்றிப் பலகையைச் சமனாக்கிய உழைப்புக்கு உரியதன்று. முரட்டுப் பலகையைச் சமனாக்குவதிலேயே தோள்வலி தீர்ந்துபோனால், தெய்வவுருவின் கண்ணைத் திறக்கும் நேரத்திற் கை நடுங்காதோ? மேலும், திருகு கத்தி சென்ற தடத்தில் மெல்லிய அலைவரிகள் எஞ்சும். அவற்றை நீக்க இறுதியில் இழைப்புளியே வேண்டும். ஆகவே புதுக்கருவி பழங்கருவியைத் துரத்தவில்லை; அதற்குரிய இடத்தில் அமர்த்துகின்றது. அயலார் கருவியைக் கொள்ளுதல் இழுக்கென்பார் மணிமேகலையை நோக்குக. மகத வினைஞரும், மராட்டக் கம்மரும், அவந்திக் கொல்லரும், யவனத் தச்சரும் தமிழ்க் கம்மியரோடு கூடி ஒரு மண்டபம் சமைத்ததாகச் சாத்தனார் பாடியுள்ளார். அக்கூட்டுறவால் தமிழ்த் தச்சு தாழ்ந்ததென எவரும் உரைத்திலர்.

மற்றொரு தடை, விலை. இதனை எளிதிற் புறந்தள்ள இயலாது. சிறிய இயந்திரமாயின், திருகு கத்தியுருளையின் விலை இயந்திரத்தின் விலையையே நெருங்கும். திருநாவலூரிற் பிறந்த சுந்தரரைத் திருவெண்ணெய்நல்லூரில் அடிமைப்படுத்திய ஆளோலையை அறியாதார் யார்? அது இறைவன் நீட்டிய ஓலை. அதனால் அடிமையானவர் உயர்ந்தார். கடன்கொடுப்போர் நீட்டும் ஓலையோ அத்தகையதன்று. கருவிக்காகப் பட்ட கடன் தச்சரை ஆளுமாயின், அவர் செவியைக் காத்து வாழ்வை இழந்தவராவார். ஆதலின் ஒருவர் தனித்துச் சுமவாது, ஐந்தாறு பட்டறையினர் கூடி நல்ல இயந்திரம் ஒன்றற்கு இவ்வுருளையைப் பொருத்தி முறைவைத்துப் பயன்படுத்துவதே தக்கது என்பேன். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் மானியத்தோடு கூடிய கடனுக்கு வழிவகுத்தது. இத்தகைய உதவிகள் உளியும் சுத்தியலும் வாங்குவதோடு நில்லாது, உடலைக் காக்கும் கருவிக்கும் பயன்படுதல் வேண்டும்.

வாங்குவோர்க்குச் சில எச்சரிக்கைகளும் உண்டு. சிறு கத்திகள் பல இருந்தமட்டில் அது சாய்ந்தரியும் உருளையாகிவிடாது. வரிசை திருகாக இருப்பினும், ஒவ்வொரு முனையும் நேராகவே நின்றால் சாய்ந்தரியும் பயன் கிட்டாது. முனையே சாய்ந்திருத்தல் வேண்டும். அச்சின் தடிப்பையும் பேரிங்கின் அளவையும் அளந்து பாராது வாங்கற்க. உருளை சமன்கெட்டால் இயந்திரம் அதிரும். பொருத்துமுன் மின்னிணைப்பை அகற்றுக. கத்தி அமரும் இடத்தில் ஒரு துகள் இருப்பினும் அக்கத்தி உயர்ந்துநின்று பலகையிற் கோடிடும். திருகுகளை யாவும் ஒரே இறுக்கமாக முடுக்கத் தவறினால் கார்பைடு வெடிக்கும். இவ்வுருளை மோட்டாரின் வலியை மிகுதியும் கேட்பது. ஆதலின் ஒருமுறைக்குச் சிறிதளவே சீவுதல் நன்று.

இம்முறையைத் தச்சர்க்கு எடுத்துரைப்பார் யார்? எந்திரவியல் கற்றுப் பெருந்தொழிற்சாலைகளில் விளங்கும் நம் பழைய மாணவர் அளந்து கூறலாம். தமிழ் பயிலும் நாம் அதனைத் தச்சர் மொழியில் எழுதித் தரலாம். நம் ஆண்டவர் நாசரேத்தூரில் தச்சராக இருந்தார். நுகமும் கலப்பையும் செய்தார் என இரண்டாம் நூற்றாண்டினரான ஜஸ்டின் எழுதிவைத்தார். அத்தொழிலாளரை வணங்கும் நாம், பட்டறை வாயிலை மூக்கைப் பொத்திக் கடத்தல் முறையோ? திருநாவலூர்ப் பெரியவர்க்கு இழந்த செவியை எக்கருவியும் மீட்டுத்தராது. அவர் அருகே பலகை தாங்கி நின்ற சிறுவனுக்குச் செவி இன்னும் நன்றாகக் கேட்கின்றது. அவன்பொருட்டேனும் இன்றே தொடங்குவோமாக.